காரக் கரைசலில் துத்தநாக மின்முனை: அடிட்டிவ் சோதிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

துத்தநாக பேட்டரிக்காக ஒரு துத்தநாகத் தகடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கே.ஓ.எச்.) கரைசல், அதில் துத்தநாகத்தின் நடத்தையை மாற்றக் கொஞ்சமாகச் சேர்க்கும் ஒரு பொருள், அதாவது அடிட்டிவ். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கோ பி.எச்டி. முதல் வருடத்துக்கோ கைடு இந்தத் தலைப்பைக் கொடுத்தால் எளிதான வேலை என்றுதான் தோன்றும். காற்றுப் புகாத கிளவ் பாக்ஸ் வேண்டாம், ஆர்கான் வேண்டாம், தண்ணீரில் செய்கிற வேலை, லித்தியத்தோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. உள்ளே இறங்கின பிறகுதான் தெரியும்: இன்று வந்த எண் அடுத்த வாரம் வராது, அடிட்டிவ் போட்டால் அரிமானம் குறைகிறது, அதே அடிட்டிவை வேறு பாட்டிலில் இருந்து எடுத்துப் போட்டால் கூடுகிறது. மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் புரிந்தது, இங்கே அடிட்டிவைவிட அடிட்டிவ் இல்லாத கரைசல், அதாவது பிளாங்க்தான் கஷ்டம். பிளாங்க் ஒழுங்காக வந்துவிட்டால் மீதி வேலை ஓடிவிடும். அது வராதவரை எந்த அடிட்டிவைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. அதனால் கீழே பிளாங்க்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த நோய்க்கு மருந்து என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காரத்தில் துத்தநாகத்துக்கு நாலு தொல்லை உண்டு. சும்மா இருக்கும்போதே கரைந்து ஹைட்ரஜன் விடும், அதுதான் அரிமானம். சார்ஜ் ஏற்றும்போது பாசி மாதிரியோ ஊசி மாதிரியோ வளரும். வேகமாக டிஸ்சார்ஜ் செய்தால் மேலே துத்தநாக ஆக்சைடு படிந்து அடைத்துக்கொள்ளும். பல சுழற்சிகளில் பொருள் ஓரத்திலிருந்து நகர்ந்து வேறு இடத்தில் குவிந்து மின்முனையின் வடிவமே மாறிவிடும்.

ஒரு தொல்லைக்கு வேலை செய்கிற அடிட்டிவ் இன்னொன்றை மோசமாக்கலாம். மேற்பரப்பில் நன்றாக ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனைத் தடுக்கிற ஒரு கரிமச் சேர்மம், அதே காரணத்தால் டிஸ்சார்ஜையும் இழுத்துப் பிடிக்கும். துத்தநாகம் கரைந்து உண்டாகும் ஜிங்கேட் அயனியின் கரைதிறனைக் குறைக்க புளோரைடோ கார்பனேட்டோ சேர்த்தால் வடிவ மாற்றம் குறையும். ஆனால் ஆக்சைடு சீக்கிரம் படியும், கடத்துதிறனும் இறங்கும். "நல்ல அடிட்டிவ் கண்டுபிடிப்பது" என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்பினால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. "திறந்த சுற்றில் (வெளியே மின்னோட்டம் ஓடாத நிலையில்) ஹைட்ரஜன் வெளியேற்றத்தைக் குறைப்பது", "சதுர செ.மீ.க்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்ட அடர்த்தியில் ஊசி வளர்ச்சியைத் தடுப்பது" என்று ஒரே ஒரு வரி எழுதி, கைடிடம் காட்டி, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிப்படையில் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். வலுவான காரத்தில் ஹைட்ரஜனின் சமநிலை மின்னழுத்தத்தைவிடத் துத்தநாகம் ஏறக்குறைய 0.4 வோல்ட் கீழே உட்கார்ந்திருக்கிறது. வெப்ப இயக்கவியல்படி அது கரைந்தே தீர வேண்டும். கரையாமல் நிற்பதற்கு ஒரே காரணம், சுத்தமான துத்தநாகத்தின் மேல் ஹைட்ரஜன் உண்டாவது மிக மந்தம் என்பதுதான். இரும்பு, நிக்கல், தாமிரம், கோபால்ட், ஆண்டிமனி என்று ஏதாவது துளி அளவு வந்து மேலே படிந்தால் அந்த மந்தம் போய்விடும். இந்த வழிகாட்டியில் வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான்.

2. வாங்குதலும் காகித வேலையும்: இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

பரிசோதனையைவிட இன்டெண்ட்தான் (பொருள் வாங்கக் கேட்கும் விண்ணப்பம்) நேரம் பிடிக்கும். கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், ஸ்டோர்ஸ் கையெழுத்து, அப்புறம் சப்ளையர் "ஸ்டாக் இல்லை, இறக்குமதி" என்பது. ஒரு செமஸ்டர் புராஜெக்ட் என்றால் ஆர்டர் முழுவதையும் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டு, பொருள் வரும்வரை ஏற்கெனவே ஆய்வகத்தில் இருக்கும் கே.ஓ.எச்.-ஐ வைத்துக் கை பழகுங்கள்.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் இரண்டு காகிதம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று பாதுகாப்புத் தரவுத்தாள். அது இல்லாமல் பல இடங்களில் ஸ்டோர்ஸே வாங்க மாட்டார்கள். இன்னொன்று அந்த பேட்சுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ். இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாட்டில் லேபிளில் "இரும்பு அதிகபட்சம் இவ்வளவு" என்று வரம்பு மட்டும் இருக்கும், சான்றிதழில் உங்கள் கையில் இருக்கும் பாட்டிலின் உண்மையான அளவு இருக்கும். பேட்ச் எண்ணைப் போட்டால் பெரிய கம்பெனிகளின் தளத்திலேயே இறங்கும். இறக்கி, அச்செடுத்து, நோட்டில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ரிவியூவர் கேட்கும்போது பாட்டில் குப்பைக்குப் போயிருக்கும்.

பட்டியல் இப்படி இருக்கட்டும்: கே.ஓ.எச். பெல்லட், குறைந்தது ஏ.ஆர். (பகுப்பாய்வுக்கு உகந்த) தரம், எல்லாம் ஒரே பேட்ச். துத்தநாகத் தகடு 99.9 சதவீதத்துக்குக் குறையாமல், 99.99 கிடைத்தால் இன்னும் நல்லது. துத்தநாக ஆக்சைடு. மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கப் பாதரசம்/பாதரச ஆக்சைடு ஒப்பீட்டு மின்முனை. பாலிப்ரொப்பிலீன் பீக்கர், பாட்டில், குடுவை. சிலிக்கன் கார்பைடு தாள். அடிட்டிவ்கள்.

செலவு இதில் எங்கே போகும் என்றால், ஒப்பீட்டு மின்முனையும் உயர்தரத் தகடும்தான் பெரியவை, கே.ஓ.எச். ஒரு பொருட்டே இல்லை. இண்டியம் சேர்மங்கள் கிராமுக்குக் கிராம் விலை கூட, ஆனால் தேவை மில்லி கிராம் கணக்கில்தான். 100 மி.லி. கரைசலில் லிட்டருக்கு 500 மி.கி. வேண்டுமென்றால் 50 மி.கி. போதும். ஐந்து கிராம் பாட்டிலே ஒரு பி.எச்டி.க்கு வரும், 100 கிராம் கொட்டேஷன் வாங்காதீர்கள். மறைந்திருக்கும் பெரிய செலவு செம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி), எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) கட்டணம். உங்கள் கல்லூரியில் கருவி இல்லையென்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் போன்ற பொது வசதிகளும், எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் தளமும் இருக்கின்றன. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. வெளி ஆட்களுக்குப் பொதுவாகத் துறைத் தலைவர் கடிதம், மாதிரி விவரப் படிவம், முன்பணம் ஆகியவை தேவைப்படும், அப்புறம் வரிசை. அந்த வரிசை எப்போது வரும் என்று தெரிந்துகொண்ட பிறகே மாதிரி தயாரியுங்கள். துத்தநாகப் படிவு காற்றில் சும்மா காத்திருக்காது.

ஒரு கண்ணி. இண்டியம், பிஸ்மத் வேண்டும் என்றதும் ஸ்டோரில் எளிதாகக் கிடைக்கும் நைட்ரேட் உப்பைத் தலையில் கட்டுவார்கள். வேண்டாம். நைட்ரேட் அயனி துத்தநாகத்தின் மேல் ஒடுக்கமடையும். முழு செல்லில் அது இரண்டு முனைக்கும் நடுவே ஓடி ஓடித் தானே சார்ஜை இறக்கிவிடும். ஹைட்ராக்சைடாகவோ ஆக்சைடாகவோ கேளுங்கள்.

3. கரைசல்: 6 மோலார் என்று லேபிள் ஒட்டினால் 6 மோலார் ஆகிவிடாது

கே.ஓ.எச். பெல்லட்டில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர். மோலார் எடை 56.1 என்று கணக்குப் போட்டு 337 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினால் கிடைப்பது 5.1 மோலார்தான். 85 சதவீதத் தூய்மைக்கு 396 கிராம் வேண்டும். சான்றிதழில் உள்ள சதவீதத்தை எடுத்துக் கணக்கிட்டு, கடைசியில் அமிலத்தோடு டைட்ரேஷன் செய்து உறுதிப்படுத்துங்கள். இங்கே பி.எஸ்சி.யில் படித்த இரட்டை இண்டிகேட்டர் முறை உண்மையிலேயே கைகொடுக்கும்: பினாப்தலீன் முடிவுக்கும் மெத்தில் ஆரஞ்சு முடிவுக்கும் நடுவே எவ்வளவு அமிலம் போகிறதோ அதுதான் கார்பனேட். பிளாங்க்கிலேயே கார்பனேட் ஏறியிருந்தால், அதுவும் ஓர் அடிட்டிவ்தான், நீங்கள் போடாத அடிட்டிவ். இந்த டைட்ரேஷனைத் துத்தநாக ஆக்சைடு கரைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஜிங்கேட் வந்துவிட்டால் அதுவும் அமிலத்தைக் குடிக்கும், கணக்கு குழம்பும்.

ஏன் 6 மோலார்? கே.ஓ.எச். கரைசலின் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் அந்தப் பக்கத்தில்தான் உச்சம். வேறு செறிவு எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் எல்லா ஓட்டத்துக்கும் ஒன்றே இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பீக்கரில் தண்ணீரை எடுத்து, அதைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பெல்லட் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை கட்டாயம். காரம் தோலில் பட்டால் வழவழவென்றிருக்கும், வலி பிறகுதான் வரும், அதனால் சந்தேகம் என்றாலே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவி நேராக ஆஸ்பத்திரி.

கண்ணாடிக் குடுவையில் சேமிக்காதீர்கள். மூடி ஒட்டிக்கொள்வது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, காரம் கண்ணாடியைக் கரைத்துச் சிலிக்கேட் எடுத்துக்கொள்ளும் என்பது. சிலிக்கேட் ஜிங்கேட்டைக் கரைசலில் நிலைநிறுத்தும் பொருள். அதையே அடிட்டிவாகச் சேர்த்து ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வாரம் கண்ணாடியில் இருந்த பிளாங்க்கும் அன்று பிளாஸ்டிக்கில் தயாரித்த பிளாங்க்கும் வேறு வேறு கரைசல்கள்.

சார்ஜ் ஏற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் துத்தநாக ஆக்சைடு சேர்க்க வேண்டும். 0.2 மோலாருக்கு லிட்டருக்கு 16.3 கிராம். நிறைவுறும் அளவு 6 மோலாரில் தோராயமாக அரை மோலார் பக்கத்தில் வரும். சூடாக இருக்கும்போது நிறையக் கரைந்து, ஆறிய பிறகும் மீநிறைவாகத் தெளிந்தே நிற்கும், அப்புறம் திடீரென்று ஒருநாள் வெள்ளையாகப் படியும். அதனால் "நிறைவுற்ற" என்று எழுதப் போகிறவர்கள் ஆக்சைடு அடியில் மிச்சமிருக்க இரவு முழுக்கக் கலக்கி, மறுநாள் வடிகட்டி எடுங்கள். சாதாரண ஃபில்டர் தாள் இந்தக் காரத்தில் ஊறிக் கிழிந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்லான் மெம்பிரேன் வேண்டும்.

வடிகட்டியதை இரண்டு துத்தநாகத் தகட்டுக்கு நடுவே மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இரவு முழுக்க ஓடவிட்டால், எளிதில் ஒடுங்கும் மாசுகள் கேதோடுத் தகட்டில் படிந்துவிடும். அந்தத் தகடுகளை மறுநாள் தூக்கிப் போட்டுவிடுங்கள். இந்த ஒரு இரவு வேலையால் பிளாங்க் ஓட்டங்களின் சிதறல் எவ்வளவு குறைகிறது என்று நீங்களே பார்த்தால்தான் நம்புவீர்கள்.

4. அடிட்டிவ் உண்மையிலேயே கரைசலில் இருக்கிறதா?

தண்ணீரில் கரைகிற பொருள் 6 மோலார் காரத்தில் கரையும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டுத்தான் பலர் அப்புறம் விளங்காத எண்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சோப்பு போல வேலை செய்யும் சோடியம் டோடெசில் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும். பொட்டாசியம் காரத்தில் போட்டால் பொட்டாசியம் உப்பாக மாறி, அறை வெப்பநிலையிலேயே வெள்ளையாகப் பிரிந்து மிதக்கும். டிரைட்டான் எக்ஸ்-100 தண்ணீரில் 65 டிகிரி பக்கத்தில்தான் கலங்கும். காரச் செறிவு ஏற ஏற அந்த வெப்பநிலை இறங்கிவந்து, அறையிலேயே எண்ணெய்த் துளியாகப் பிரியும். சி.டி.ஏ.பி. (செட்டில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு) மிகக் குறைந்த அளவில்தான் நிற்கும். பாலிஎத்திலீன் கிளைக்காலில் சிறிய மூலக்கூறு எடை உள்ளவற்றைக் குறைந்த அளவில் கரைக்கலாம், பெரியவை தனிக் கட்டமாகப் பிரியும். ட்வீன் வகை எஸ்டர் ஆகையால் காரத்தில் மெல்ல மெல்லச் சோப்பாகிவிடும்: முதல் நாள் சோதிப்பது ட்வீன், பத்தாம் நாள் சோதிப்பது கொழுப்பு அமில உப்பு. பிஸ்மத் ஆக்சைடும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கரைசலில் ஏறக்குறைய கரையவே கரையாது, அவற்றை மின்முனைப் பொடியோடு கலப்பதுதான் வழி.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு அடிட்டிவுக்கும், நீங்கள் போடப்போகும் அதிகபட்ச அளவில், ஒளிபுகும் பிளாஸ்டிக் குப்பியில் கரைசல் எடுத்து, அன்றும் மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் டார்ச் அடித்துப் பாருங்கள். கலங்கல், மேலே படலம், நிறமாற்றம் எது இருந்தாலும் அந்த அளவு பட்டியலில் கிடையாது. மொபைலில் போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

அளவைச் சொல்வதிலும் கவனம். 6 மோலார் கே.ஓ.எச்.-இன் அடர்த்தி ஒரு மி.லி.க்கு 1.25 கிராம் சுமார். லிட்டருக்கு 100 மி.கி. என்பது எடைக் கணக்கில் 80 பி.பி.எம். தான். பி.பி.எம். என்று வெறுமனே எழுதாமல் லிட்டருக்கு இத்தனை மி.கி. என்றே எழுதுங்கள்.

கூடவே வருகிற அயனியையும் மறக்காதீர்கள். சி.டி.ஏ.பி. போட்டால் புரோமைடும் வருகிறது. அதே மோல் அளவு பொட்டாசியம் புரோமைடு மட்டும் போட்ட ஒரு கரைசல் ஒப்பீட்டுக்கு வேண்டும். டார்டாரிக், சிட்ரிக் அமிலம் போட்டால் அது காரத்தைக் கொஞ்சம் தின்னும், அதை ஈடுகட்ட வேண்டும்.

5. தகடு தயாரித்தல்

ஆய்வகத்தில் "எமரி ஷீட்" என்று எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அசல் எமரியில் இரும்பு ஆக்சைடு உண்டு. இரும்பைக் கண்டு பயந்து கரைசலைச் சுத்தம் செய்துவிட்டு அதையே தகட்டில் தேய்க்கக் கூடாது. சிலிக்கன் கார்பைடு தாள், 400, 800, 1200 என்று வரிசையாக, தண்ணீரோடு, ஒவ்வொரு தகட்டுக்கும் புதுத் துண்டு. தாமிரமோ நிக்கலோ தேய்த்த தாள் பக்கத்திலேயே வரக் கூடாது. அப்புறம் எத்தனால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில விநாடி, நிறையத் தூய நீர், காற்றில் உலர்த்தி உடனே செல்லில். தேய்த்த தகட்டை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று வைத்துவிட்டுப் போனால் மேலே புது ஆக்சைடு வந்திருக்கும். தேய்ப்பதற்கும் செல்லில் போடுவதற்கும் நடுவே இருக்கிற நேரத்தை எல்லாத் தகட்டுக்கும் ஒன்றாக வையுங்கள்.

பரப்பளவை டேப் சுற்றி வரையறுத்தால் காரம் டேப்புக்கு அடியில் ஏறிவிடும், ஒரு மணி நேரத்தில் உங்கள் ஒரு சதுர செ.மீ. ஒன்றேகாலாகியிருக்கும். ஓ-ரிங் வைத்த டெஃப்லான் ஹோல்டர் செய்யக் கொடுங்கள். லேத் பட்டறையில் சொன்னால் செய்துதருவார்கள், ஒரு முறை செலவுதான்.

6. செல்லில் மற்ற முனைகள்

வெள்ளி/வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனை எல்லா ஆய்வகத்திலும் இருக்கும், அதனால் அதையே போடச் சொல்வார்கள். காரத்துக்கு அது ஆகாது: குளோரைடு கசிந்து வரும், உள்ளே ஹைட்ராக்சைடு போய் மின்னழுத்தம் நகரும். பாதரசம்/பாதரச ஆக்சைடுதான் வேண்டும். சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய பாதரச பட்டன் செல்லின் மின்னழுத்தம் 1.35 வோல்ட், அந்தச் செல்லே துத்தநாகமும் பாதரச ஆக்சைடும்தான். ஆகவே துத்தநாக ஆக்சைடு நிறைவுற்ற கரைசலில் சுத்தமான தகடு இந்த ஒப்பீட்டு முனைக்கு எதிராக மைனஸ் 1.35 வோல்ட் பக்கத்தில் நிற்க வேண்டும், ஜிங்கேட் இல்லாத கரைசலில் இன்னும் கொஞ்சம் கீழே. பத்து இருபது மில்லி வோல்ட் தள்ளி இருந்தால் பரவாயில்லை, நூறு தள்ளி இருந்தால் ஒப்பீட்டு முனையைப் பாருங்கள்.

மின்னோட்டச் சுற்றை முடிக்கும் எதிர்முனையாகப் பிளாட்டினம் போடுவதைத் தவிர்க்கலாம். நீண்ட ஓட்டத்தில் துளி பிளாட்டினம் கரைந்து துத்தநாகத்தில் வந்து படிந்தாலும் ஹைட்ரஜன் பொங்கும். பெரிய துத்தநாகத் தகடே நல்ல எதிர்முனை.

வெப்பநிலை பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பகலில் ஏ.சி. ஓடும் அறையில் 24 டிகிரி, சாயங்காலம் ஏ.சி.யை அணைத்தால் ராத்திரி 32. இரவு முழுக்க ஓடும் அரிமானச் சோதனையில் இந்த வித்தியாசம் அடிட்டிவின் விளைவை விழுங்கிவிடும். வாட்டர் பாத் இல்லாமல் தொடங்காதீர்கள்.

7. பிளாங்க் ஐந்து முறை, வெவ்வேறு நாளில்

அடிட்டிவ் பாட்டிலைத் திறப்பதற்கு முன், வெறும் கரைசலில் ஐந்து புதுத் தகடு, ஒரே நாளில் இல்லாமல் ஒரு வாரத்தில் பரவலாக. ஐந்தின் சிதறல் எவ்வளவோ, அதைவிடக் கணிசமாகப் பெரிய மாற்றத்தை மட்டுமே அடிட்டிவின் விளைவு என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிளாங்க்கே 30 சதவீதம் ஆடுகிறது என்றால் "25 சதவீதத் தடுப்புத்திறன்" (பிளாங்க்கைவிட அரிமானம் அவ்வளவு குறைந்தது) என்பதற்குப் பொருளே இல்லை. கைடு அவசரப்படுத்துவார். இந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், பின்னால் மூன்று மாதம் மிச்சமாகும்.

8. அளக்கும் வரிசை

முதலில் திறந்த சுற்று மின்னழுத்தம், அரை மணி முதல் ஒரு மணி நேரம், நிலைத்து நிற்கும்வரை. அடுத்து இம்பீடன்ஸ் (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத் தடை), 100 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 10 மில்லி ஹெர்ட்ஸ் வரை. அப்புறம் நேர்கோட்டு முனைவாக்கம், இரு பக்கமும் 10 மில்லி வோல்ட். கடைசியில் டாஃபெல், அதாவது மின்னழுத்தத்தை இரு பக்கமும் வெகுதூரம் நகர்த்தி மின்னோட்டத்தை அளப்பது. டாஃபெல் மேற்பரப்பைக் கெடுத்துவிடும், அதனால் அதற்குப் பிறகு அந்தத் தகட்டில் எதுவும் செய்யக் கூடாது.

டாஃபெல் வரைபடத்தில் இரண்டு பக்கமும் கோடு போட்டுச் சந்திக்கும் புள்ளியை மென்பொருளே காட்டும். ஆனோடு பக்கம் துத்தநாகம் மிக வேகமாகக் கரைவதால் அங்கே நேர்கோடு என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. கேதோடு பக்கத்து நேர்கோட்டை மட்டும் திறந்த சுற்று மின்னழுத்தம் வரை நீட்டி எடுங்கள்.

மின்வேதியியல் எண்ணை மட்டும் நம்பாமல் ஹைட்ரஜனை நேராக அளந்துவிடுங்கள். தலைகீழ் பியூரெட் போதும். ஒரு மி.கி. துத்தநாகம் கரைந்தால் 25 டிகிரியில் 0.37 மி.லி. வாயு. 10 சதுர செ.மீ. தகடு, சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோ ஆம்பியர் அரிமானம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.9 மி.கி. கரையும், 1.1 மி.லி. வாயு வரும். பியூரெட்டில் தெளிவாகப் படிக்கலாம். டாஃபெல் சொல்லும் எண்ணும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எடை இழப்பையும் பார்க்கலாம். செல்லை இறுக்கி மூடிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்: காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் கலவை.

அடிட்டிவ் அளவைக் குறைந்தது நாலு படியாக வையுங்கள். "கூட்டினால் கூடும்" என்பது இங்கே பலிக்காது, ஓர் அளவுக்கு மேல் கரைசல் தடை ஏறும், டிஸ்சார்ஜில் சீக்கிரம் அடைபடும். நல்ல தடுப்புத்திறன் காட்டுகிற ஒவ்வொன்றையும் கட்டாயம் ஒரு டிஸ்சார்ஜ் ஓட்டத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

9. படிவும் செம் படமும்

குறைந்த மின்னோட்டத்தில் துத்தநாகம் பாசியாக வளரும், நடுவில் ஓர் இடத்தில் அடர்த்தியாகப் படியும், வரம்பு மின்னோட்டத்தை (ஜிங்கேட் வந்துசேரும் வேகம் அனுமதிக்கும் உச்சம்) நெருங்க நெருங்க ஊசியும் கிளையுமாக வளரும். ஆகவே ஒரே ஒரு மின்னோட்டத்தில் எடுத்த படத்தை வைத்து "ஊசி வளர்ச்சி தடுக்கப்பட்டது" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். மூன்று மின்னோட்டம், ஒரே மொத்தச் சார்ஜ். 10 மில்லி ஆம்பியர் அடர்த்தியில் ஒரு மணி நேரம் என்றால் சதுர செ.மீ.க்கு 12.2 மி.கி. படிய வேண்டும். எடை போட்டுப் பாருங்கள், குறைந்தால் மீதி ஹைட்ரஜனுக்குப் போயிருக்கிறது அல்லது தளர்ந்து உதிர்ந்திருக்கிறது.

கழுவுவதில்தான் பெரிய கண்ணி. ஜிங்கேட் ஊறியிருக்கும் படிவை நேராகத் தூய நீரில் முக்கினால் காரம் நீர்த்து, ஜிங்கேட் பிரிந்து, ஹைட்ராக்சைடும் ஆக்சைடும் அங்கேயே வெள்ளையாகப் படிந்துவிடும். செம்மில் அழகான பூ மாதிரி தெரியும். அடிட்டிவின் கைவண்ணம் என்று நினைத்துக்கொள்வோம். முதலில் துத்தநாகம் சேர்க்காத அதே செறிவு கே.ஓ.எச்.-இல் சில விநாடி, அப்புறம் நிறையத் தூய நீர், அப்புறம் எத்தனால், வெற்றிடத்தில் உலர்த்தல். காரம் மிச்சமிருந்தால் காற்றில் கார்பனேட் படிகமாக வளரும், அதுவும் ஊசி மாதிரியே தெரியும். தனிம வரைபடத்தில் பொட்டாசியம் காட்டினால் அந்த மாதிரியை மறுபடி செய்யுங்கள்.

10. சுழற்சிச் சோதனை, முழு செல்

0.1 மி.மீ. தகட்டில் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 58 மில்லி ஆம்பியர் மணி துத்தநாகம் இருக்கிறது. அதில் ஒரு மில்லி ஆம்பியர் மணி மட்டும் ஏற்றி இறக்கி ஆயிரம் சுழற்சி ஓடியது என்றால், மின்முனையின் 1.7 சதவீதம்தான் வேலை செய்தது. பேட்டரிக்கு அது எதையும் சொல்லாது. பயன்படுத்திய சதவீதத்தை எழுதுங்கள், முடிந்தவரை கூட்டுங்கள். கரைசல் அளவும் அப்படித்தான், பீக்கர் நிறையக் கரைசல் இருந்தால் அடிட்டிவ் தீரவே தீராது. உண்மையான செல்லில் சில மி.லி.தான் இருக்கும்.

இரு பக்கமும் துத்தநாகம் வைத்த செல்லில் மின்னழுத்தம் திடீரென்று இறங்கி, அமைதியாக, தட்டையாக ஓடத் தொடங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். பெரும்பாலும் பாசி, இரு முனையையும் பிரிக்கும் செப்பரேட்டரைத் தாண்டித் தொட்டிருக்கும். மின்னோட்டத் திசை மாறும்போது வளைவே இல்லாமல் சதுரமாக மாறுகிறதா பாருங்கள், இம்பீடன்ஸ் எடுத்தால் அரைவட்டம் காணாமல் போயிருக்கும்.

நிக்கல்-துத்தநாகம், மறுசார்ஜ் துத்தநாகம்-காற்று செல் இரண்டிலும், துத்தநாகப் பக்கம் நன்றாக வேலை செய்த கரிம அடிட்டிவ் எதிர்ப்பக்கம் போய் ஆக்சிஜனேற்றம் அடையலாம். ஆல்கஹாலும் அமீனும் சார்ஜ் ஆன நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடின் மேல் எளிதில் ஆக்சிஜனேற்றமாகும். அடிட்டிவ் போட்ட கரைசலில் நிக்கல் மின்முனையைத் தனியாக ஒரு சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டம் பார்ப்பது) எடுத்துப் பார்த்துவிட்டு முழு செல் கட்டுங்கள்.

11. கழிவு

ஜிங்கேட் கரைசலை சிங்கில் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, குளிர்வித்து, நீர்த்த அமிலத்தை மெதுவாக விட்டு பி.எச். 9-10 பக்கம் கொண்டுவந்தால் துத்தநாகம் ஹைட்ராக்சைடாக இறங்கும். வடிகட்டி, திடப்பொருளை உலோகக் கழிவில் சேருங்கள். கேனில் தேதியும் உள்ளே இருப்பதும் எழுதி ஒட்டுங்கள்.

பாசித் துத்தநாகத்தைச் சுரண்டித் திசு பேப்பரில் துடைத்து குப்பைக் கூடையில் போடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஈரமான நுண்ணிய துத்தநாகம் காற்றில் ஆக்சிஜனேற்றமாகித் தானே சூடாகும், பேப்பர் புகையும். அதைத் தண்ணீர் உள்ள தனி டப்பாவில், மூடியை இறுக்காமல், வையுங்கள். உடைந்த ஒப்பீட்டு மின்முனையில் இருப்பது பாதரசம். அதை உங்கள் நிறுவனத்தின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள், அந்த ரசீது நகல் புராஜெக்ட் முடிந்து நோ-டியூஸ் வாங்கும்போதும் தேவைப்படும்.